1986-ஆம் ஆண்டு விலையால் இன்றைய நெல்லை அளக்கலாமா?

கேள்வி: நெல் விவசாயிகளுக்கான ஆதரவில் உலக வர்த்தக அமைப்பின் வரம்பைத் தாண்டிவிட்டதாக இந்தியாவே ஒப்புக்கொண்டிருக்கிறது. கையெழுத்திட்ட விதியை மீறிவிட்டுப் பணக்கார நாடுகளைக் குறை சொல்வது என்ன நியாயம்?
– வாசகர், திருவாரூர்

பதில்: வரம்பு தாண்டப்பட்டது உண்மை. 2018-19-இல் விளைந்த நெல்லின் மதிப்பு 4,367 கோடி டாலர், அதற்குத் தந்த ஆதரவு 500 கோடி டாலர் என்று இந்தியா தெரிவித்தது. வளரும் நாடுகளுக்கான வரம்பு விளைச்சல் மதிப்பில் 10 சதவீதம். நம் கணக்கு 11 சதவீதத்தைத் தாண்டியது. ஆனால் அந்த 500 கோடி எப்படி வந்தது என்று பார்த்துவிட்டு நியாயத்தைப் பேசுவோம்.

அந்த ஆண்டு பொது ரக நெல்லின் ஆதார விலை குவிண்டாலுக்கு 1,750 ரூபாய். நூறு கிலோ நெல்லில் ஏறத்தாழ 67 கிலோ அரிசி கிடைக்கும் என்று வைத்தால், ஒரு டன் அரிசிக்கு 26,000 ரூபாய், அதாவது அன்றைய மாற்று விகிதத்தில் சுமார் 370 டாலர் ஆகிறது. இந்த விலையை அதே ஆண்டின் சந்தை விலையோடு ஒப்பிடுவதுதான் முறை. உலக வர்த்தக அமைப்பின் வேளாண் ஒப்பந்தமோ 1986-88-ஆம் ஆண்டுகளின் சராசரியான சுமார் 262 டாலரோடு ஒப்பிடச் சொல்கிறது. இடைவெளியான 110 டாலர் சொச்சத்தை, அரசு கொள்முதல் செய்த சுமார் 4.4 கோடி டன்னால் பெருக்கினால் 500 கோடி வந்துவிடுகிறது. அந்த ஆண்டில் தாய்லாந்து அரிசி உலகச் சந்தையில் 400 டாலரை ஒட்டி விற்றது. அதோடு ஒப்பிட்டால் மானியம் என்று சொல்ல எதுவும் மிஞ்சாது. உங்கள் ஊர்க் கொள்முதல் நிலையத்தில் மூட்டையோடு காத்து நிற்கும் விவசாயி, முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய விலையை வைத்து மானியம் பெற்றவராகக் கணக்கில் ஏறுகிறார்.

கையெழுத்திட்டோமே என்கிறீர்கள். 1992 நவம்பரில் அமெரிக்காவும் ஐரோப்பிய சமூகமும் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியம்) வாஷிங்டனின் பிளேர் ஹவுஸ் மாளிகையில் தமக்குள் முடித்துக்கொண்ட பேரத்தின் மீதுதான் இந்த வேளாண் ஒப்பந்தம் கட்டப்பட்டது. 1980-களில் மானியத்தை அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்த நாடுகள், அதில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்துக்கொண்டு மீதியைத் தொடரும் உரிமையைப் பெற்றன. அமெரிக்காவுக்கு ஆண்டுக்கு 1,910 கோடி டாலர். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு, பிரிட்டன் விலகும்வரை, 7,200 கோடி யூரோவுக்கும் மேல். இந்தியாவுக்கு அப்படி ஓர் உரிமையே கிடையாது. 10 சதவீதத்தைத் தாண்டினால் விதிமீறல்தான்.

அந்த உரிமை பிறரை எப்படிப் பாதிக்கும் என்பதற்குப் பருத்தி சாட்சி. அமெரிக்கப் பருத்தி மானியத்தால் உலக விலை சரிந்து தங்கள் விவசாயிகள் நசுங்குவதாக பெனின், புர்கினா ஃபாஸோ, சாட், மாலி ஆகிய நான்கு நாடுகளும் 2003-இலேயே முறையிட்டன. அதே மானியத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்து வென்ற பிரேசிலுக்கு, 2014-இல் 30 கோடி டாலர் கொடுத்து அமெரிக்கா விவகாரத்தை முடித்துக்கொண்டது. வழக்காடும் வலு இல்லாத அந்த நான்கு நாடுகளுக்கு அப்படி நேரடித் தொகை எதுவும் கிடைக்கவில்லை.

இந்தியா மீது எனக்கும் குறை உண்டு. உலக அரிசி ஏற்றுமதியில் நாம்தான் முதலிடம். ரேஷனுக்காக வாங்கியது வெளிச்சந்தைக்குக் கசிகிறதோ என்று தாய்லாந்து போன்ற நாடுகள் கேட்பதை வெறும் பகைமை என்று தள்ள முடியாது. அவர்களும் வளரும் நாட்டு விவசாயிகளுக்காகவே பேசுகிறார்கள். கொள்முதலையும் இருப்பையும் வெளிப்படையாகக் காட்டுவது நம் கடமை.

அதைவிட முக்கியமான குறை வேறொன்று. 2013-இல் உலக வர்த்தக அமைப்பின் பாலி மாநாட்டில் கிடைத்த சமாதான விதி, வரம்பைத் தாண்டினாலும் வழக்கிலிருந்து நம்மைக் காக்கிறது. ஆனால் அன்று நடைமுறையில் இருந்த திட்டங்களுக்கு மட்டுமே அது பொருந்தும். இனிமேல் தன் மக்களுக்காகத் தானியம் கொள்முதல் செய்யத் தொடங்கும் ஆப்பிரிக்க நாட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 2017-க்குள் நிரந்தரத் தீர்வு காண்பதாகச் சொன்னார்கள். 2024-இல் அபுதாபி மாநாடும் வெறுங்கையோடு கலைந்தது. ஒப்பீட்டு விலையை அண்மை ஆண்டுகளின் சராசரியாக மாற்றுவதும், புதிய திட்டங்களுக்கும் பாதுகாப்பு அளிப்பதும் சேர்ந்த தீர்வையே இந்தியா கேட்க வேண்டும். நம் நெல்லுக்கு மட்டும் விலக்கு கிடைத்தால் போதும் என்று அதில் இறங்கிவரக் கூடாது.