பள்ளிக்கூடம் கேள்வி – பதில்: கொம்பு இடம் மாறினால் யாரைக் கேட்பது?

கேள்வி: மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் தமிழ்ப் பாடத்தைக் கடகடவென்று வாசிக்கிறாள். காலண்டர் தாளின் பின்பக்கம் இருக்கும் நாலு வரியைக் கொடுத்தால் திணறுகிறாள். பள்ளியில் கேட்டால் "போகப் போக வந்துவிடும்" என்கிறார்கள். சட்டப்படி கேட்க எனக்கு உரிமை உண்டா?
(சேலம் அம்மாபேட்டையிலிருந்து ஒரு தாய்)

உண்டு. ஆனால் பிரிவு எண்ணைச் சொல்லிப் பேசுவதற்கு முன், குழந்தைக்கு எங்கே தட்டுகிறது என்று பார்த்துவிடுங்கள். கால் மணி நேர வேலைதான்.

முதலில், நன்றாக வாசிப்பதாகச் சொல்லும் அதே பாடத்தை எடுத்து, கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துக் கேளுங்கள். வாய் நின்றுபோனால் அது வாசிப்பு இல்லை, மனப்பாடம். அடுத்து, அவள் பார்த்தேயிராத ஒரு சின்னக் கதை. பள்ளிகளுக்கு வந்திருக்கும் வாசிப்பு இயக்கப் புத்தகங்களில் இரண்டாம் படியான 'நட' நிலையில் ஒன்றைக் கேட்டு வாங்கலாம். ஒரு நிமிடத்தில் பிழையில்லாமல் எத்தனை சொல் வாசித்தாள் என்று எண்ணுங்கள். பிறகு கதையிலிருந்து மூன்று கேள்வி கேளுங்கள். மத்திய அரசின் நிபுண் பாரத் திட்டம் மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்கு 60 சொல் என்கிறது. 'வந்துகொண்டிருந்தார்கள்' என்பதையும் ஒரே சொல்லாக எண்ணும் தமிழுக்கு அது கொஞ்சம் கடுமையான கணக்கு. 40 சொல்லைத் தடுமாறாமல் வாசித்து மூன்று கேள்விக்கும் பதில் சொல்கிற குழந்தையைப் பற்றி நாங்கள் கவலைப்பட மாட்டோம்.

மூன்றாவதாக, பத்துச் சொல் எழுதச் சொல்லுங்கள். மேகம், தேங்காய், கொய்யா, பௌர்ணமி கட்டாயம் இருக்கட்டும். 'மேகம்' என்பதை 'மகேம்' என்று எழுதினால் வியாதி பிடிபட்டது. 'மே' என்று சொல்லும்போது 'ம்' முதலில், 'ஏ' பிறகு. எழுதும்போது இரட்டைக்கொம்பு முதலில், 'ம' பிறகு. காதில் விழும் வரிசையில் எழுதும் குழந்தை ம போட்டு, கொம்பு போட்டு, க போடுகிறது. கொம்பு க-வுக்குப் போய்விடுகிறது. 'கொ'வில் இன்னும் சிக்கல், குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. 'கௌ'வின் கடைசிப் பகுதி 'ள' மாதிரியே இருப்பதால் பௌர்ணமியை 'பெளர்ணமி' என்று பெரியவர்களே வாசிப்பதுண்டு.

இதற்கு க, கா, கி, கீ என்று ராகம் போட்டு ஒப்பிக்க வைப்பது மருந்தாகாது. அந்தக் குழந்தைக்கு 'கே' தெரிய வேண்டுமானால் க-விலிருந்து ஓடி வந்தாக வேண்டும். வரிசையைக் குறுக்கே வெட்டுங்கள்: கே, பே, மே, தே, வே என்று ஒரே குறியைப் பல எழுத்தில். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் க, ப, ம, த, வ என்று ஐந்து எழுத்துத் துண்டு, ஓர் இரட்டைக்கொம்புத் துண்டு வெட்டிக் கொடுத்து, கொம்பை முதலில் வைக்கச் சொல்லி, பிறகு எழுத்தை வைத்து வாசிக்க வையுங்கள். நாளுக்குப் பத்து நிமிடம், வாரத்துக்கு ஒரு குறி, அதற்கு மேல் வேண்டாம். உங்கள் வீட்டில் சௌராஷ்டிரமோ கன்னடமோ தெலுங்கோ பேசினால், வாசித்த சொல்லுக்குப் பொருளையும் கேளுங்கள். ஒலி சரியாக வந்து பொருள் தெரியாமல் நிற்பது வேறு குறை; அதற்குப் பேச்சுதான் மருந்து.

இப்போது சட்டம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 24, ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு, தேவைப்பட்டால் கூடுதலாகச் சொல்லிக்கொடுப்பது ஆசிரியரின் கடமை என்கிறது. பெற்றோரை முறையாகக் கூட்டிப் பேசுவதும் கடமை. ஆகவே "என் பெண் படிக்கவில்லை" என்று போகாதீர்கள். "நிமிடத்துக்கு 18 சொல், இரட்டைக்கொம்பு தவறுகிறது, கூடுதல் பயிற்சிக்கு எந்த நேரம் ஒதுக்குவீர்கள்?" என்று நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். அதற்குப் "போகப் போக" என்று பதில் சொல்வது கஷ்டம். அப்படியும் நகரவில்லை என்றால் பிரிவு 32-இன்படி உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்து மூலம் மனு கொடுக்கலாம். மூன்று மாதத்தில் முடிவு சொல்லியாக வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊர் ஏற்காட்டு மலையில். பள்ளியில் 38 பிள்ளைகள், ஐந்து வகுப்பு, இரண்டே ஆசிரியர்கள். ஒருவர் பயிற்சிக்குப் போனால் மற்றவர்தான் எல்லாம். இது சட்ட விரோதம் இல்லையா?
(காபித் தோட்டத் தொழிலாளர் ஒருவர்)

கசப்பான பதில்: இல்லை. சட்டத்தின் அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூவர். வகுப்பு எத்தனை என்று அது கேட்பதில்லை, தலையை மட்டும்தான் எண்ணுகிறது. மலைப் பள்ளிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்பது எங்கள் கருத்து, ஆனால் எழுதியிருப்பது அதுதான்.

நீங்கள் பிடிக்க வேண்டிய இடங்கள் வேறு. அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 சதவீதத்துக்கு மேல் காலியாக இருக்கக் கூடாது (பிரிவு 26). மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் தவிர வேறு வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது (பிரிவு 27). முதல் ஐந்து வகுப்புக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரம் பாடம் நடக்க வேண்டும்; அதாவது நாளுக்கு 4 மணி. ஐப்பசி மழையில் மூடிய நாட்களையும் ஓர் ஆசிரியர் மட்டும் இருந்த நாட்களையும் பள்ளி மேலாண்மைக் குழு குறித்து வைத்தால், கேட்பதற்குக் கையில் கணக்கு இருக்கும். குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள் என்பதும் சட்டம். பயிற்சி நாளுக்கு மாற்று ஆசிரியர் வேண்டும் என்று தீர்மானம் போட்டு, நகலை வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று: உங்கள் பள்ளி பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியாக இருந்தால் அதை நடத்துவது பழங்குடியினர் நலத் துறை. கல்வி அலுவலகத்துக்கு எழுதினால் மனு மலையிறங்கி, திரும்ப மலையேறி, பாதி வருடம் போய்விடும்.

கேள்வி: அமெரிக்காவின் மிசிசிப்பியில் வாசிப்புக்கென்றே சட்டம் போட்டுச் சாதித்தார்களாமே. நம் சட்டமன்றம் ஏன் அப்படிச் செய்யவில்லை?
(ஓமலூர் வாசகர்)

அங்கே சட்டம் வந்தது 2013-இல். நாடு முழுக்க நடக்கும் தேசிய மதிப்பீட்டுத் தேர்வில், நான்காம் வகுப்பு வாசிப்பில் அப்போது அந்த மாநிலத்தின் சராசரி மதிப்பெண் 209, நாட்டின் சராசரி 221. 2024-இல் மிசிசிப்பி 219, நாடு 214. பத்திரிகைகளில் பெரிதாக வந்தது, மூன்றாம் வகுப்பு முடிவில் வாசிக்காதவரை நிறுத்தி வைக்கும் விதி. நிறுத்தி வைத்தால் பலவீனமான பிள்ளைகள் நான்காம் வகுப்புத் தேர்வுக்கு ஓர் ஆண்டு பிந்தித்தான் வருகிறார்கள், சராசரி தானாகவே கொஞ்சம் ஏறும் என்ற விமர்சனமும் உண்டு. எங்களுக்கு முக்கியமாகப் படுவது மற்ற இரண்டு ஏற்பாடுகள்: எழுத்தும் ஒலியும் எப்படிச் சேர்கின்றன என்பதில் ஆசிரியர்களுக்கு நீண்ட பயிற்சி, பின்தங்கிய பள்ளிகளில் வகுப்புக்குள்ளேயே வந்து உட்காரும் வாசிப்புப் பயிற்றுநர்.

அர்க்கன்சா, இந்தியானா, ஒகையோ போன்ற மாநிலங்கள் ஒருபடி மேலே போய், படத்தைப் பார்த்துச் சொல்லை ஊகிக்கச் சொல்லும் முறைக்கே சட்டத்தில் தடை போட்டன. நம்மிடமும் அந்த வழக்கம் உண்டு. பக்கத்தில் காக்கா படம். கீழே 'காக்கை' என்றிருக்க, குழந்தை 'காகம்' என்று வாசிக்கும், நாமும் சபாஷ் போடுவோம்.

நம் 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. பாடத்தைத்தான் கட்டாயமாக்கியது, எந்த வகுப்பில் குழந்தை வாசித்தாக வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த வேலையை 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' எடுத்துக்கொண்டது. அது திட்டம், சட்டமல்ல. வகுப்பைப் பார்க்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிள்ளைகளைப் பிரிப்பது நல்ல யோசனை. முன்பு கேட்ட இரண்டு ஆசிரியர் பள்ளிக்கும் அதுதான் வழி. எட்டாம் வகுப்பு வரை நிறுத்தி வைப்பதில்லை என்று தமிழ்நாடு முடிவெடுத்திருப்பதை நாங்கள் ஆதரிக்கிறோம். நிறுத்துவதில்லை என்றால் பிள்ளையைப் பிடித்துக் கரையேற்ற ஆள் வேண்டும், அந்த ஆளைச் சட்டத்தில் எழுத வேண்டும் என்பதுதான் எங்கள் குறை.

கேள்வி: பயிற்சிக்குப் போய் வருகிறோம், வகுப்பில் எதுவும் மாறவில்லை. எங்கே தவறு?
(காடையாம்பட்டி வட்டார ஆசிரியை)

மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி நிறுவனம் தயாரிப்பது மாநிலக் கருத்தாளர் (பயிற்சி கொடுப்பவர்), மாவட்டக் கருத்தாளர், வட்டாரம் என்று படி இறங்கி உங்களிடம் வருகிறது. பாடலும் அட்டையும் முழுசாக இறங்கிவிடும். 'ஏன் இப்படி' என்பது வழியிலேயே சிந்திவிடும். அடுத்த பயிற்சியிலிருந்து ஒரே ஒரு உத்தியை மட்டும் எடுத்து வந்து மூன்று வாரம் செய்யுங்கள். வட்டார வள மைய ஆசிரியர் பயிற்றுநர் வரும்போது, செயலியில் பதிவதற்கு முன் மூன்று பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்கச் சொல்லுங்கள். ஒரு பாடத்தை அவரையே நடத்தச் சொல்லி நீங்கள் பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். உத்தமசோழபுரம் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்திடமும் மாதிரி வகுப்பு கேட்கலாம். கல்வி உரிமைச் சட்டம் சொல்லும் வாரம் 45 மணி நேர வேலையில் பாடத் தயாரிப்பும் அடக்கம் என்பதைத் தலைமையாசிரியருக்கு நினைவூட்டுவதில் தவறில்லை.

கேள்வி: தொடக்கக் கல்விப் பட்டயம் முடித்திருக்கிறேன். ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதினால் வேலை உறுதியா?
(ஆத்தூர் இளைஞர்)

இல்லை. தாள் ஒன்று 150 கேள்வி, 150 மதிப்பெண். பொதுப் பிரிவுக்கு 90 எடுத்தால் தகுதி. சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும், ஆனால் அரசுப் பணிக்குத் தனிப் போட்டித் தேர்வு உண்டு. பணியில் இருப்பவர்களும் இரண்டு ஆண்டுக்குள் தேற வேண்டும், ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு என்று 2025 செப்டம்பர் 1-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதால், தேர்வுக் கூடத்தில் உங்கள் பழைய ஆசிரியரே பக்கத்து இருக்கையில் இருக்கலாம்.

கேள்வி: என் மாமியார் பேரனுக்குத் துதிக்கை வைத்த 'லை' சொல்லிக்கொடுக்கிறார். தடுக்கலாமா?
(சங்ககிரி வாசகி)

தடுக்க வேண்டாம், தள்ளிப்போடுங்கள். 1978-இல் அரசு மாற்றிய வடிவங்கள் ணா, றா, னா, ணை, லை, ளை, னை, அவற்றோடு ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ. மொத்தம் 13. பேரன் இப்போதைய வடிவில் சரளமாக வாசித்த பிறகு, பழைய புத்தகம் ஒன்றை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.