நூறு பேருக்கு வீட்டுச் சமையல்: முதலில் அடுப்புக் கணக்கு

கேள்வி: மகனுக்கு முதல் பிறந்தநாள். ஞாயிறு மாலை, வீட்டு மொட்டை மாடியில். பெரியவர்கள் 70, குழந்தைகள் 30 பேர் வருவார்கள். கேட்டரிங்கில் இலைக்கு 220 ரூபாய் சொல்கிறார்கள். கேக், தண்ணீர் எல்லாம் தனி. என் கையில் 15,000 ரூபாய்தான் இருக்கிறது. இட்லி, பூரி, பிரியாணி, கேசரி, ஜூஸ் என்று நானும் மாமியாரும் நாத்தனாரும் சேர்ந்து செய்துவிடலாமா? சிக்கன் போட முடியுமா? எதை எவ்வளவு வாங்குவது? – ஒரு வாசகி, திருச்சி

பதில்: செய்யலாம், 15,000 ரூபாய்க்குள் முடியும். ஆனால் நீங்கள் சொன்ன மெனுவில் செய்ய முடியாது. பணம் காரணமில்லை, அடுப்புதான் காரணம். வீட்டு இட்லிப் பானையில் ஓர் ஈட்டுக்கு 16 முதல் 20 இட்லி. ஆளுக்கு மூன்று என்றால் 300 இட்லி, பதினைந்து ஈடு. ஊற்றி, வேகவைத்து, எடுத்து, துணியை நனைத்து மறுபடி ஊற்ற ஓர் ஈட்டுக்குக் கால் மணி நேரம். நாலு மணி நேரம் ஒரு பர்னர் அதற்கே போய்விடும். பூரி அதைவிட மோசம்: சூடாகச் சாப்பிட்டால்தான் பூரி, அதனால் ஒருவர் விருந்து முடியும்வரை எண்ணெய்ச் சட்டி முன்னாலேயே நிற்க வேண்டும். வீட்டுச் சமையலில் ஒரு பெரிய பாத்திரத்தில் ஒரே தடவையில் முடிகிற பண்டங்களை மட்டும் எடுங்கள். ஒன்றொன்றாகச் சுடுவது, பொரிப்பது, ஊற்றுவது எதுவும் வேண்டாம்.

உங்களுக்கு நாங்கள் போடும் மெனு: காய்கறிப் பிரியாணி, முட்டை மசாலா, வெங்காயத் தயிர்ப்பச்சடி, தயிர்சாதம், ஊறுகாய், கடையில் வாங்கிய சிப்ஸ், கேசரி, வந்ததும் குடிக்க எலுமிச்சை சர்பத். சிக்கனுக்குப் பணம் இழுத்துப் பிடித்தால் வரும். ஆனால் சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தனி அண்டா வைக்க வேண்டும், யார் எதைக் கேட்பார்கள் என்று தெரியாது, ஒன்று தீர்ந்து ஒன்று மிஞ்சும். முட்டை மசாலாவைத் தனிப் பாத்திரத்தில், தனிக் கரண்டியோடு வைத்தால் ஒரே பிரியாணி இரண்டு தரப்புக்கும் ஆகிவிடும்.

ஆள் கணக்கு: பத்து வயதுக்குட்பட்ட குழந்தையை அரை ஆளாகப் போடுங்கள். 70 + 15 = 85 பங்கு. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று நூறுக்கு ஏற்றினால் மிச்சம் வருவது உறுதி.

பிரியாணி மட்டும் போடும் விருந்தில் ஒரு கிலோ சீரக சம்பா எட்டுப் பேருக்கு வரும். தயிர்சாதம், கேசரி, முட்டை கூட இருந்தால் 12 பேருக்குத் தாராளம். உங்களுக்கு 7 கிலோ போதும். அதையும் ஒரே அண்டாவில் போடாமல் 4 கிலோ, 3 கிலோ என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பழக்கமில்லாத கைக்கு 7 கிலோ அண்டாவைக் கிளறவும் இறக்கவும் முடியாது. ஒன்று கெட்டாலும் மற்றது இருக்கும் என்பது இன்னொரு லாபம்.

4 கிலோ அரிசிக்கு: கேரட், பீன்ஸ், உருளை, பட்டாணி எல்லாம் சேர்த்து 3 கிலோ, பெரிய வெங்காயம் ஒன்றரைக் கிலோ, தக்காளி ஒரு கிலோ, இஞ்சி பூண்டு விழுது 300 கிராம், பச்சை மிளகாய் 100 கிராம், புதினா இரண்டு கட்டு, மல்லி ஒரு கட்டு, தயிர் 400 மில்லி, எண்ணெய் 600 மில்லி, நெய் 150 மில்லி, பட்டை 20 கிராம், கிராம்பும் ஏலக்காயும் பத்துப் பத்துக் கிராம். தேங்காய்ப்பால் ஊற்ற வேண்டாம். மணமாக இருக்கும், ஆனால் திருச்சி வெயிலில் மாலை ஐந்து மணிக்கு இறக்கியது ஒன்பது மணிக்கே வாடை மாற ஆரம்பித்துவிடும்.

பெரிய அளவில் சமைக்கும்போது பெரும்பாலும் கணக்குத் தப்புவது தண்ணீரில்தான். வீட்டில் ஒரு டம்ளர் அரிசிக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் வைக்கிறோம் என்பதற்காக நாலு கிலோவுக்கும் அதே கணக்குப் போட்டால் பிரியாணி பொங்கலாகிவிடும். அண்டாவில் அரிசியின் அளவோடு பார்த்தால் ஆவியாகிப் போகும் தண்ணீர் குறைவு. காயும் தக்காளியும் வேறு நீர் விடும். அரை மணி நேரம் ஊறிய சீரக சம்பாவுக்கு, ஊறவைக்கும் முன் அளந்த ஒரு படிக்கு ஒன்றரைப் படி தண்ணீர். தயிரும் அந்த ஒன்றரைப் படிக்குள் அடக்கம். அரிசியையும் தண்ணீரையும் ஒரே பாத்திரத்தால் அளப்பது முக்கியம். காரமும் மசாலாவும்கூடப் பெருக்கல் கணக்குக்கு வராது. ஒரு கிலோவுக்குப் போடுவதை நாலால் பெருக்கி, அதில் கால் பங்கை எடுத்து வையுங்கள். உப்பை அரிசி போடும் முன் கொதிக்கிற தண்ணீரில் பாருங்கள். வாயில் வைத்தால் சற்றுக் கரிக்க வேண்டும். அளவாக இருந்தால் வெந்தபின் சப்பென்று போய்விடும்.

அரிசியைப் போட்டுப் பெரிய தீயில் விடுங்கள். தண்ணீரும் அரிசியும் ஒரே மட்டத்துக்கு வந்து, மேலே குமிழ்க் குழிகள் தெரியும்போது தீயைச் சிறிதாக்கி, அண்டாவுக்கு அடியில் பழைய தோசைக்கல் ஒன்றைத் தள்ளி, வாழை இலையால் மூடி, மேலே தட்டு, தட்டின்மேல் கொதிநீர்ப் பாத்திரம். இருபது நிமிடம் தம். இறக்கிப் பத்து நிமிடம் தொடாதீர்கள். கிளறுவதை நடுவில் ஆரம்பிக்காமல், தட்டையான கரண்டியை ஓரத்தில் இறக்கி அடியிலிருந்து மேலே புரட்டுங்கள்.

மேல் அரிசி முக்கால் வேக்காட்டில் நின்றால் ஒரு டம்ளர் கொதிநீரைத் தெளித்து மறுபடி மூடிப் பத்து நிமிடம் வையுங்கள். பச்சைத் தண்ணீர் வேண்டாம். தீய்ந்த வாடை வந்தால் சுரண்டாமல், மேலே இருப்பதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு அள்ளிவிடுங்கள். அடியைக் கிளறினால் அந்த வாடை நாலு கிலோவிலும் ஏறும்.

முட்டை 80 போதும், சாப்பிடாதவர்கள் நாலு பேராவது இருப்பார்கள். மூன்று நான்கு நாள் முன்பே வாங்கி வையுங்கள். புது முட்டையில் ஓட்டோடு வெள்ளைக்கருவும் பிய்ந்து வரும். மசாலாவுக்கு இரண்டு கிலோ வெங்காயம், ஒரு கிலோ தக்காளி. கெட்டியாக இருக்கட்டும். பச்சடிக்கு வெங்காயம் 2 கிலோ, தயிர் 3 லிட்டர். வெங்காயத்தை நறுக்கித் தனியே வைத்துவிட்டு, பரிமாற அரை மணி இருக்கும்போது தயிரும் உப்பும் சேர்த்தால் நீர்த்துப் போகாது.

கேசரிக்கு ரவை ஒன்றேகால் கிலோ, சர்க்கரை இரண்டேகால் கிலோ, தண்ணீர் ரவையின் எடைக்கு மூன்று பங்கு, அதாவது மூன்றேமுக்கால் லிட்டர், நெய்யும் எண்ணெயும் சேர்த்து 600 கிராம். ஏழு கிலோவை ஒட்டி வரும். குழிக்கரண்டியில் ஆளுக்கு ஒன்று. ரவை நன்றாக வெந்து கெட்டியான பிறகே சர்க்கரை. முன்னதாகக் கொட்டினால் தண்ணீரைச் சர்க்கரை பிடித்துக்கொள்ளும், ரவை வேகாமல் பல்லில் நெறுநெறுக்கும். கேசரி மதியமே செய்து வைக்கலாம். இதில் ஒரு கணக்கும் இருக்கிறது. நூறு பேருக்கும் கேக் கொடுப்பதென்றால் நாலைந்து கிலோ வாங்க வேண்டும். கேசரி இருக்கும்போது வெட்டுவதற்கு ஒரு கிலோ கேக் போதும். குழந்தைகளுக்கு ஒரு துண்டு, மற்றவர்களுக்கு கேசரி. யாரும் குறை சொல்ல மாட்டார்கள்; சொல்கிறவர்கள் நாலு கிலோ கேக் வாங்கினாலும் சொல்வார்கள்.

தயிர்சாதம் எல்லோரும் கேட்பதில்லை. பச்சரிசி 2 கிலோ, ஒன்றுக்கு நாலு தண்ணீர் வைத்துக் குழைய வேகவைத்து, சூட்டோடு மசித்து, காய்ச்சி ஆறிய பால் 3 லிட்டர் ஊற்றி வையுங்கள். தயிர் ஒரு லிட்டர்தான், அதையும் பரிமாறுவதற்கு முக்கால் மணி முன்னால், சாதம் நன்றாக ஆறிய பிறகு சேருங்கள். சூட்டில் தயிரைக் கலந்தால் புளிப்பு ஏறிவிடும். நேரமாக ஆகச் சாதம் இறுகும், அதற்கென்று ஒரு லிட்டர் பாலைத் தனியே எடுத்து வையுங்கள்.

இனி குடிக்க. பாட்டில் குளிர்பானம் இரண்டு லிட்டர் வாங்கினால் 150 மில்லி டம்ளரில் 13 பேருக்குத்தான் வரும். எலுமிச்சை சர்பத் அதில் பாதி விலைகூட ஆகாது. 15 லிட்டருக்கு நல்ல சாறுள்ள பழம் 40, சர்க்கரை ஒன்றரைக் கிலோ, இரண்டு சிட்டிகை உப்பு, மணத்துக்கு நன்னாரி சர்பத் ஒரு பாட்டில். சர்க்கரையைக் கொஞ்சம் வெந்நீரில் பாகாகக் கரைத்து ஆறவைத்துவிட்டு மற்றத் தண்ணீரில் கலந்தால் அடியில் தங்காது. பழத்தைத் தோலோடு மிக்சியில் போட்டாலும், ஒட்டப் பிழிந்தாலும், முந்தின இரவே சாறெடுத்து வைத்தாலும் கசக்கும். அன்று பிற்பகல் பிழிந்தால் போதும். ஐஸ் கம்பெனிக் கட்டி மீன் பெட்டிக்கு வருவது. அதைச் சர்பத்துக்குள் போடாதீர்கள். பெரிய டப்பில் உடைத்துப் போட்டு, அதன் நடுவில் சர்பத் பாத்திரத்தை மூடி வைத்தால் ஒரு மணி நேரத்தில் சில்லென்றிருக்கும். குடிக்கவும் சர்பத்துக்கும் 20 லிட்டர் கேன் நான்கு, உபரியாக ஒன்று.

வாடகைப் பாத்திரக் கடையில் கேட்க வேண்டியவை: 5 கிலோ அரிசி வேகும் அண்டா இரண்டு, மூடியோடு, பெரிய இரும்பு அடுப்பு ஒன்று, அதற்கான ரெகுலேட்டரும் ஹோஸும் வணிக சிலிண்டரும் சேர்த்து, கிளறும் கரண்டி, ஜல்லடை, சில்வர் டம்ளர் 110. வீட்டு சிலிண்டரின் ரெகுலேட்டர் குறைந்த அழுத்தத்தில்தான் கேஸ் விடும். பெரிய அடுப்பை அதில் மாட்டினால் தீ மினுக்மினுக்கென்று எரியும், அரிசி வேகாமல் ஊறிப் போகும். அடுப்பை மாடியிலேயே, காற்றுக்கு மறைவான கைப்பிடிச் சுவர் ஓரம் போடுங்கள். மேலே ஷாமியானாத் துணி இருக்கக் கூடாது, குழந்தைகள் அந்தப் பக்கம் வராமல் பெஞ்சைக் குறுக்கே போடுங்கள். கீழே சமைத்துவிட்டு 15 கிலோ கொதிக்கும் அண்டாவைப் படியேற்றுவதுதான் இந்த ஏற்பாட்டிலேயே ஆபத்தான வேலை. பிளாஸ்டிக் தட்டு, பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப் எல்லாம் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. பாக்குமட்டைத் தட்டு 100 வாங்கிக்கொள்ளுங்கள்.

உத்தேச விலையில் கூட்டினால்: சீரக சம்பா 900, பச்சரிசி 120, காய், வெங்காயம், தக்காளி, புதினா, மல்லி 1,000, எண்ணெய் நெய் 1,100, மசாலா 300, முட்டை 520, ரவை, சர்க்கரை, முந்திரி 500, பால் தயிர் 600, சிப்ஸ் ஊறுகாய் 850, சர்பத் 350, தண்ணீர் 200, தட்டு 700, வாடகை 2,000, கேக் 800. மொத்தம் 9,940. இதோடு ஒத்தாசைக்கு இரண்டு பேர், 1,600. அந்த இரண்டு பேரில் கைவைக்காதீர்கள். வீட்டார் மூவரும் ஏழு மணிக்குப் பட்டுப்புடவையோடு அண்டா பக்கம் நிற்க முடியாது. 11,540 ஆகிறது. உங்கள் ஊர் விலை கூடுதலாக இருந்தாலும் மூவாயிரத்துச் சொச்சம் தாங்கும்.

முந்தின நாள் இரவு இஞ்சி பூண்டு அரைத்து, கேரட் பீன்ஸ் நறுக்கி ஃப்ரிட்ஜில் வையுங்கள். உருளையை அன்றுதான் வெட்ட வேண்டும். ஞாயிறு ஒரு மணிக்குக் கேசரி, இரண்டரைக்கு முட்டை, நாலுக்குத் தயிர்சாதத்துக்கு அரிசி குக்கரில். நாலே முக்காலுக்கு முதல் அண்டா, ஆறு மணிக்கு இரண்டாவது. ஏழரைக்குப் பந்தி. குழந்தைகளுக்கு ஏழு மணிக்கே தட்டில் போட்டுக் கொடுத்துவிட்டால் பாதி நெரிசல் தீரும்.

அவரவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று விடாதீர்கள். முதல் ரவுண்டில் நீங்களே பரிமாறுங்கள். பரிமாறும் கரண்டியில் ஒரு கரண்டிப் பிரியாணியை வீட்டுத் தராசில் நிறுத்துப் பார்த்து, 150 கிராம் வருகிற கரண்டியாக எடுங்கள். பெரியவருக்கு இரண்டு, குழந்தைக்கு ஒன்று, அப்புறம் கேட்டால் கேட்டபடி. முதல் அண்டா காலியான பிறகே இரண்டாவதைத் திறக்க வேண்டும். கைபடாத பிரியாணி மிஞ்சினால்தான் யாருக்காவது கொடுத்தனுப்ப முடியும்.

மிச்சத்தை அண்டாவிலேயே மூடி வைத்துக் காலையில் பார்ப்பது கூடாது. சோற்றில் இருக்கும் பாசில்லஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதித்தாலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை பெருகி நஞ்சை விடும். வாந்தி எடுக்கவைக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. அண்டாவைத் தம்மில் சூடாகவே வைத்துப் பரிமாறுங்கள். பந்தி முடிந்ததும் மிச்சத்தை அகலமான தாம்பாளங்களில் இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி ஆறவிட்டு, உடனே ஃப்ரிட்ஜில் ஏற்றுங்கள். ஃப்ரிட்ஜ் நிறைந்துவிட்டால் அன்று இரவே அக்கம்பக்கத்து வீடுகளுக்கு. தயிர்சாதத்தையும் பச்சடியையும் மறுநாளைக்கு வைக்க வேண்டாம்.

அண்டாவில் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் தேய்த்து, டம்ளரை எண்ணித்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். குறைகிற ஒவ்வொன்றுக்கும் கடைக்காரர் காசு கேட்பார்.