விண்டோஸ் 10 நின்றுவிட்டது: புதுக் கணினி வாங்குவதா, மேக்குக்கோ லினக்ஸுக்கோ போவதா?

நீங்கள் கேட்டிருப்பது இது. எட்டு வருடத்துக்கு மேலான மடிக்கணினி, விண்டோஸ் 10-ல் ஓடுகிறது. 11-ஐப் போட முடியாது என்று திரையிலேயே காட்டுகிறது. கொஞ்சம் மெதுவாக இருப்பதைத் தவிர வேறு குறையில்லை. புதிது வாங்குவதா, இதுதான் சமயமென்று ஆப்பிளின் மேக்குக்கோ, விண்டோஸுக்குப் பதிலாக இதே கணினியிலும் போடக்கூடிய இயங்குதளமான லினக்ஸுக்கோ மாறிவிடுவதா, மாறுவதென்றால் எப்போது?

நான் இரண்டு முறை மாறியிருக்கிறேன். முதலில் விண்டோஸிலிருந்து மேக், சில வருடம் கழித்து மேக்கிலிருந்து லினக்ஸ். முதல் மாற்றத்தில் படாத பாடு பட்டேன். இரண்டாவது மாற்றத்தில் ஒரு நாள்கூட வேலை நிற்கவில்லை. இரண்டுக்கும் நடுவே நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: முதலில் மென்பொருள்களை மாற்ற வேண்டும், கணினியைக் கடைசியில்தான் மாற்ற வேண்டும். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன்.

முதல் தடவை நடந்தது இது. சனிக்கிழமை புது மேக் வந்தது. பழைய கணினியில் இருந்த எல்லாவற்றையும் ஒரு வெளி வன்தட்டில் நகலெடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை பழைய கணினியைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு உறவுக்காரப் பையனிடம் கொடுத்துவிட்டேன். திங்கள் காலை வேலைக்கு உட்கார்ந்து வன்தட்டைச் செருகினேன். கோப்புகள் தெரிந்தன, திறந்தன. ஒன்றைத் திருத்தி அங்கேயே சேமிக்கப் போனால் முடியவில்லை. புதிதாக ஒரு கோப்பை வன்தட்டில் போடவும் முடியவில்லை. வன்தட்டு கெட்டுவிட்டதோ என்று அரைமணி நேரம் கலங்கிப்போனேன். கெடவில்லை. விண்டோஸ் வன்தட்டுகளை வடிவமைக்கும் என்டிஎஃப்எஸ் முறையை மேக் படிக்கும், அதில் எழுதாது. எக்ஸ்ஃபேட் முறையில் வடிவமைத்திருந்தால் இரண்டிலும் எழுதியிருக்கலாம். முன்கூட்டிப் பார்த்திருக்க வேண்டியது நான்.

அது சின்ன விஷயம். மின்னஞ்சல்தான் பெரிய அடி. நான் பயன்படுத்திய அஞ்சல் மென்பொருள் பல வருடக் கடிதங்களை ஒரே பெரிய கோப்பாகச் சேர்த்து வைத்திருந்தது. அந்தக் கோப்பைத் திறக்க அதே மென்பொருள் வேண்டும். அது மேக்கில் இல்லை. நகல் என் கையில் இருந்தும் படிக்க வழியில்லை.

மூன்றாவது, தமிழில் எழுதி வைத்திருந்த பழைய கட்டுரைகள். எந்தக் கணினியிலும் ஒரே மாதிரி தெரியும் யூனிகோட் முறை பரவுவதற்கு முன்னால் நம்மில் நிறையப் பேர் எழுதியதைப் போல நானும் பாமினி எழுத்துருவில் தட்டியிருந்தேன். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்ததும் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துகளும் அவற்றுக்கிடையே அரைப்புள்ளிகளும். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளிக் குறியின் இடத்தில்தான் இருக்கும், அதனால் நம் மெய்யெழுத்தெல்லாம் அரைப்புள்ளியோடு நின்றன. நான் எழுதிய பக்கம், எனக்கே ஒரு சொல்கூடப் புரியவில்லை. எழுத்துருவைத் தேடிப் பிடித்துப் போட்டுத் திறந்து, பிறகு எழுத்துரு மாற்றும் மென்பொருள் ஒன்றின் துணையோடு ஒவ்வொரு கோப்பாக யூனிகோடுக்குக் கொண்டுவர மாதக்கணக்கில் ஆனது. உங்களிடம் அப்படிப்பட்ட கோப்புகள் இருந்தால் இப்போது இருக்கும் கணினியிலேயே மாற்றி முடித்துவிடுங்கள். அந்த எழுத்துரு இன்னும் அங்கே இருக்கிறது, வேலை சுலபம்.

இரண்டாவது மாற்றத்துக்கு ஒரு வருடம் முன்பே தயாராக ஆரம்பித்தேன். மேக்கில் இருந்தபடியே உலாவியை ஃபயர்ஃபாக்ஸாக மாற்றினேன். அடுத்த மாதம் அஞ்சலைத் தண்டர்பேர்டுக்குக் கொண்டுபோனேன். பிறகு ஆவணங்கள் லிப்ரெஆபீஸுக்கு, கடவுச்சொற்கள் கீபாஸ்எக்ஸ்சிக்கு. இவை எல்லாம் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடுபவை. ஒரு நேரத்தில் ஒன்றுதான், அது கைக்குப் பழகிய பிறகே அடுத்தது. ஏதாவது ஒத்துவராவிட்டால் பழையது பக்கத்திலேயே இருக்கிறது, திரும்பிப் போய்விடலாம். கடைசியில் லினக்ஸ் கணினியைத் திறந்தபோது எனக்குத் தெரிந்த அதே ஐந்தாறு மென்பொருள்கள் அங்கே காத்திருந்தன. கீழே இருக்கும் தரை மட்டும்தான் புதிது.

விரல்கள் பழகத்தான் கொஞ்ச நாள் பிடித்தது. மேக்கில் நகலெடுக்கவும் ஒட்டவும் இடைவெளி விசைக்குப் பக்கத்தில் உள்ள கமாண்டைக் கட்டைவிரலால் அழுத்துவோம். விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓரத்தில் இருக்கும் கண்ட்ரோலைச் சுண்டுவிரலால் அழுத்த வேண்டும். இரண்டு வாரம் தடுமாறினேன், பிறகு தானாக வந்துவிட்டது. நீங்கள் மேக்குக்குப் போனால் இன்னொன்றும் குழப்பும்: சன்னலை மூடினாலும் பல மென்பொருள்கள் மூடாது, பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். லினக்ஸில் கோப்புப் பெயரில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு, ஒரே பெயர் என்று நினைத்த இரண்டு கோப்புகள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். தமிழ் தட்டச்சைப் பற்றிக் கவலை வேண்டாம். தமிழ்99 விசைப்பலகை மூன்றிலும் உண்டு.

இனி எப்போது என்ற கேள்வி.

பாதுகாப்புத் திருத்தங்கள் நிற்கும் நாளைத் தள்ளிப்போட முடியாத கெடுவாக நான் வைத்துக்கொள்கிறேன். விண்டோஸ் எக்ஸ்பிக்கு அது 2014 ஏப்ரல் 8, விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14, விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14. 10-க்கு மட்டும் தனிப்பயனர்கள் பதிவுசெய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் உண்டு என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அந்த ஒரு வருடத்தை மாறுவதற்கான அவகாசமாகக் கொடுத்திருக்கிறார்கள். நீங்களும் அதற்கே பயன்படுத்துங்கள்.

கணினி நன்றாகத்தானே ஓடுகிறது, திருத்தம் வராவிட்டால் என்ன என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற பிணைத்தீம்பொருள் உலகம் முழுக்கப் பரவியபோது பிரிட்டனின் அரசு மருத்துவ அமைப்பான என்எச்எஸ்ஸின் மருத்துவமனைகள் பலவற்றில் கணினிகள் முடங்கின, சிகிச்சைகளைத் தள்ளிப்போட வேண்டிவந்தது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதைப் போட்டிருந்த கணினிகளுக்குள் அந்த ஓட்டை வழியாக அதனால் நுழைய முடியவில்லை. மாட்டிக்கொண்ட கணினிகளும் முந்தின நாள் வரை நன்றாகத்தான் ஓடின. திருத்தம் நின்றுபோன கணினிக்கு அப்படி ஒரு மார்ச் மாதமே கிடையாது. வங்கிக் கணக்கையும் அஞ்சலையும் அதில் திறப்பவர் என்றால் தயவுசெய்து காலம் கடத்தாதீர்கள்.

ஆனால் புதிது வாங்கும் முன் ஒன்றைப் பாருங்கள். 11-ஐப் போட முடியாது என்று கணினி சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புக் கூறு, அல்லது செயலி, அதாவது கணினியின் மூளையான சில்லு. டிபிஎம் பல கணினிகளில் இருக்கும், கணினி துவங்கும்போது முதலில் ஓடும் பயாஸ் அமைப்பில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். பயாஸுக்குள் போய் இயக்கினால் போதும், கணினி தகுதி பெற்றுவிடும். செயலிதான் காரணம் என்றால் வேறு வழியில்லை. இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும், எட்டாம் தலைமுறை 2017-ல் வந்தது. தடையைத் தாண்டி 11-ஐப் போடும் குறுக்குவழிகள் இணையத்தில் கிடைக்கின்றன. நான் பரிந்துரைக்க மாட்டேன். அப்படிப் போட்ட கணினிகளுக்குத் திருத்தங்கள் வரும் என்ற உறுதி இல்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. எதற்காக மாறுகிறோமோ அதுவே கையில் இல்லாமல் போகும்.

மெதுவாக இருக்கிறது என்பதைப் புதிது வாங்கக் காரணமாக நான் ஏற்கமாட்டேன். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, கணினி திணறும் நேரத்தில் எது நூறு சதவீதத்தைத் தொடுகிறது என்று பாருங்கள். பழைய மடிக்கணினிகளில் பெரும்பாலும் அது வன்தட்டாகத்தான் இருக்கும். நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும் தட்டின் மேல் ஒரு சிறு முள் அங்கும் இங்கும் ஓடி ஒவ்வொரு துண்டாகத் தேடி எடுக்கிறது. செயலி சும்மா காத்துக்கொண்டிருக்கிறது. வன்தட்டுக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டி என்ற மின்னணுச் சேமிப்பில் சுற்றும் தட்டும் இல்லை, ஓடும் முள்ளும் இல்லை. என் அக்காவின் ஒன்பது வருட மடிக்கணினியை நானே திறந்தேன். அடியில் பத்துத் திருகாணிகள், அவற்றில் இரண்டு மட்டும் நீளம். எது எங்கிருந்து வந்தது என்று ஒரு தாளில் படம் வரைந்து அதன்மேலேயே ஒட்டி வைத்துக்கொண்டேன். விசிறியைச் சுற்றித் தூசி பஞ்சு மாதிரி அடைந்திருந்தது. தூசியை எடுத்துவிட்டு, வன்தட்டைக் கழற்றி எஸ்எஸ்டியைப் போட்டு, 4 ஜிபி ரேமை (வேலை நடக்கும்போது பயன்படும் தற்காலிக நினைவகத்தை) 8 ஆக்கினேன். திறக்க மூன்று நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டிருந்தது அரை நிமிடத்துக்குள் திறந்தது. அதில் இன்று லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் ஓடுகிறது. உங்கள் மாதிரியில் ரேம் பலகையோடு ஒட்டிய வகையா, கழற்றும் வகையா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போதைய மேக்புக்குகளில் ரேமைப் பிறகு கூட்டவே முடியாது, வாங்கும் நாளிலேயே முடிவு செய்ய வேண்டும்.

புதிதுதான் வாங்க வேண்டும் என்றால், சில்லு வகை மாறிக்கொண்டிருக்கும் காலத்தில் பழைய வகையின் கடைசிக் கணினியை வாங்காதீர்கள். விலை இறங்கியிருக்கும், ஆசை வரும். ஆப்பிள் பவர்பிசி சில்லிலிருந்து இன்டெலுக்குப் போகப்போவதாக 2005-ல் அறிவித்தது. 2006-ல் கடைசி பவர்பிசி மேக்கை வாங்கியவருக்கு 2009-ல் வந்த ஸ்னோ லெப்பர்ட் என்ற மேக் இயங்குதளப் பதிப்பைப் போட முடியவில்லை. மூன்றே வருடம். அதே கதை 2020-ல் இன்டெலிலிருந்து ஆப்பிளின் சொந்தச் சில்லுக்கு மாறியபோது இன்னொரு முறை நடந்தது. 2025-ல் வந்த டஹோ என்ற பதிப்புதான் இன்டெல் மேக்குகளுக்குக் கடைசிப் பதிப்பு. ஆகவே இன்று பழைய இன்டெல் மேக் ஒன்று உங்களுக்குக் கிடைத்தால் வேண்டாம். கைபேசிகளில் இருப்பது போன்ற ஆர்ம் வகைச் சில்லில் ஓடும் விண்டோஸ் கணினிகளும் இப்போது நிறைய வருகின்றன. பழைய மென்பொருள்கள் பல அவற்றில் ஓடுகின்றன, ஆனால் பழைய ஸ்கேனர், அச்சுப்பொறிக்கான இயக்கிகள் (சாதனத்தைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள்கள்) ஆர்முக்கென்றே எழுதப்பட்டிருந்தால்தான் வேலை செய்யும். கணினி பார்ப்பதற்கு முன் ஸ்கேனரைப் பற்றி விசாரியுங்கள்.

மூன்றில் எது என்பதை நான் சொல்ல முடியாது, உங்கள் வேலைதான் சொல்ல வேண்டும். ஒரு வாரம் பக்கத்தில் தாள் வைத்துக்கொண்டு, திறக்கும் ஒவ்வொரு மென்பொருளையும் செருகும் ஒவ்வொரு சாதனத்தையும் எழுதுங்கள். பாதிக்கு மேல் உலாவிக்குள்ளேயே முடிந்துவிடும், அவற்றுக்கு எந்தக் கணினியும் போதும். மீதியில் மாற்றே இல்லாத ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். ஃபோட்டோஷாப்பில் பிழைப்பு நடத்துபவர் என்றால் லினக்ஸை மறந்துவிடலாம், அடோபி அதற்கு வெளியிடுவதில்லை. விண்டோஸில் மட்டும் ஓடும் கணக்கு மென்பொருள் என்றால் விண்டோஸிலேயே இருங்கள், அதில் குறைவொன்றும் இல்லை. அப்படி எதுவும் இல்லையென்றால், உங்கள் நிலையில் நான் லினக்ஸைத்தான் முதலில் முயல்வேன், இருக்கும் கணினியிலேயே நடக்கும் என்பதால். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் லினக்ஸ் மின்டை எழுதி, அதிலிருந்தே கணினியைத் துவக்கலாம். நிறுவும் பொத்தானைத் தொடாதவரை உள்ளே இருக்கும் விண்டோஸ் அப்படியே இருக்கும். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, கேமரா தெரிகிறதா என்று பாருங்கள். முக்கியமாக, மூடியைச் சாத்தி ஐந்து நிமிடம் கழித்துத் திறந்து பாருங்கள். தூங்கிய கணினி ஒழுங்காக எழுந்திருப்பதுதான் கடினமான பரீட்சை.

எதற்குப் போனாலும் பழைய கணினியையோ அதன் வட்டையோ உடனே துடைத்துவிடாதீர்கள். இருக்கும் கணினியிலேயே லினக்ஸ் போடுவதென்றால் புது எஸ்எஸ்டியில் போட்டுவிட்டு, பழைய வட்டைக் கழற்றி எடுத்து வையுங்கள். முதல் தடவை ஒரே நாளில் துடைத்துக் கொடுத்த நான், இரண்டாம் தடவை பழைய மேக்கை அலமாரியில் வைத்தேன். மூன்றாம் மாதம் ஒரு நாள் அப்பா, தாத்தா பேசிய பதிவு உன்னிடம் இருக்குமே, கொஞ்சம் போடு என்றார். இசைக் கோப்புறையில் இல்லை, ஆவணங்களில் இல்லை, நகலெடுத்த எதிலும் இல்லை. மேக்கை எடுத்து மின்னேற்றித் திறந்து தேடினேன். பதிவுசெய்யும் மென்பொருள் அதைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோப்புறைக்குள் தன் வசம் வைத்திருந்தது. நான் நகலெடுத்தபோது அந்தக் கோப்புறை என் கண்ணில் படவே இல்லை. பதினோரு நிமிடப் பதிவு. சாதாரண ஒலிக் கோப்பாக மாற்றி மூன்று இடத்தில் வைத்தேன், பிறகு அப்பாவிடம் கொண்டுபோனேன். இரண்டு முறை கேட்டார்.