ரெட் டெயில் கேட்ஃபிஷ்: பார்பும் காணோம், படமும் சரியில்லை

நண்பரே, 4 அடித் தொட்டியில் 8 அங்குல ரெட் டெயில், படம் எடுத்தால் கண்ணாடியில் ஃபிளாஷ் தெறிக்கிறது, கூட இருந்த பார்ப் என்ற சின்ன மீனையும் காணோம் என்கிறீர்கள். பார்பைத் தேடாதீர்கள், அது வயிற்றில் இருக்கிறது. என்னுடையது ஒருமுறை கூழாங்கல்லையே விழுங்கி மறுநாள் கக்கியது.

படத்துக்கு ஃபிளாஷ் வேண்டாம். அறை விளக்கை அணைத்துவிட்டு, தொட்டிக்கு மேலே நல்ல எல்இடி வைத்து, லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டினாற்போல நேராகப் பிடியுங்கள், ஷட்டர் வேகம் 1/125 நொடியை விட மெதுவாக வேண்டாம், ஃபோகஸ் மீனின் கண்ணில். இருட்டும் நேரத்தில் மீசையால் தரையைத் துழாவிக்கொண்டு வரும், அப்போது எடுங்கள்.

அப்புறம் ஒன்று. அமேசான் ஆற்று மீன் இது, ஒரு மீட்டரைத் தாண்டும். உங்கள் தொட்டியில் திரும்பக்கூட முடியாது. பெரிய குளம் வைத்திருப்பவரை இப்போதே தேடுங்கள், ஏரியில் மட்டும் விட்டுவிடாதீர்கள்.