பேரனுக்கு மருந்தை ஏன் மாற்றினார்கள்?

கேள்வி: பேரன் பிறந்து ஆறாம் நாள் பால் குடிக்கவில்லை, உடம்பு சில்லென்று கிடந்தது. ரத்தத்தில் கிருமி என்று ஊசி போட்டு, மூன்றாம் நாள் வேறு மருந்துக்கு மாறினார்கள். முதலில் போட்டது தப்பு மருந்தா?
- ஓர் அம்மாயி, கோபிசெட்டிபாளையம்

பதில்: இல்லைங்கம்மா. ரத்தத்தைக் கல்ச்சர் பாட்டிலில் விட்டு, கிருமி வளர்ந்து, அது எந்த மருந்துக்குச் சாகும் என்று தெரிய இரண்டு மூன்று நாள் ஆகிவிடும், பச்சைக் குழந்தை அதுவரை தாங்காது, அதனால் ஆம்பிசிலின், ஜென்டாமைசின் மாதிரி ஒன்றை உடனே ஆரம்பிப்பார்கள். ரிசல்ட் வந்ததும் மாற்றுவதுதான் முறை. சிக்கல் என்னவென்றால், பல கிருமிகள் இப்போது இவற்றுக்கு மசிவதில்லை. 2016இல் வெளியான டெல்லி ஆய்வு ஒன்றில், பச்சைக் குழந்தைகளின் ரத்தத்தில் கிடைத்த அசினெட்டோபாக்டர் கிருமிகளில் 82 சதவீதம் பல மருந்துகளுக்கு அசையவில்லை!

அப்புறம், கழுதைப்பால், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் வேண்டாம், தாய்ப்பால் மட்டும். தொப்புளில் மஞ்சள், எண்ணெய் வைக்காதீர்கள், காய்ந்து தானாக விழட்டும். தூக்க வரும் சொந்தக்காரர்கள் முதலில் சோப்பு போட்டுக் கை கழுவட்டும், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். மறுபடி பால் குடிக்க மறுத்தாலோ உடம்பு சில்லிட்டாலோ விடியும்வரை காத்திருக்காமல் கிளம்பிவிடுங்கள்.