மனசுக்குள் வைத்த நன்றி யாருக்குப் போய்ச் சேரும்?

கேள்வி: மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. எனக்கு 58 வயது. காலையும் மாலையும் விளக்கேற்றுவேன். பிரதோஷ விரதம் தவறாது. முடிந்தபோதெல்லாம் திருவாரூர் போய்த் தியாகராஜரைத் தரிசித்துவிட்டு வருவேன். ஒரு சொற்பொழிவில் கேட்டதிலிருந்து, அன்றைக்கு யாருக்கெல்லாம் நன்றி சொல்ல வேண்டுமோ அதைப் படுக்கப் போகும் முன் ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். போன வாரம் அலமாரியைத் துடைத்த மருமகள் அந்த நோட்டைப் பார்த்துவிட்டாள். 'எனக்குப் பிரஷர் இருப்பதால் உப்புச் சேர்க்கும் முன்பே தனியாகக் குழம்பு எடுத்து வைத்தாள்' என்று அவளைப் பற்றியும் அதில் எழுதியிருந்தேன். படித்துவிட்டு அழுதாள். "அத்தை, இதை ஒருநாளாவது வாயைத் திறந்து என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றாள். மனசில் இருந்தால் போதாதா? முகத்துக்கு நேரே புகழ்ந்தால் தலைக்கனம் வராதா, கண் பட்டுவிடாதா? இதெல்லாம் பக்தியில் சேருமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மருமகள் கேட்டது ரொம்ப நியாயமான கேள்வி. அதை மறைக்காமல் அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறீர்களே, அதிலேயே உங்கள் நல்ல மனசு தெரிகிறது. உங்களுக்கான பதில் நீங்கள் அடிக்கடி போய்வரும் திருவாரூர்க் கோயிலிலேயே இருக்கிறது.

அங்கே தேவாசிரிய மண்டபத்தைப் பார்த்திருப்பீர்கள். ஆயிரங்கால் மண்டபம் என்றால் சட்டென்று ஞாபகம் வரும். மேலே முசுகுந்தச் சக்கரவர்த்தியின் கதையை ஓவியமாகத் தீட்டியிருக்கிறார்களே, அதுதான். ஒருநாள் அந்த மண்டபத்தில் அடியார்கள் கூடியிருந்தார்கள் என்கிறது பெரியபுராணம். சுந்தரர் வருகிறார். 'இவர்களுக்கு நான் அடியவனாகும் நாள் எந்நாளோ' என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டே, ஒதுங்கி, நேரே சுவாமியிடம் போகிறார். பார்த்துக்கொண்டிருந்த விறன்மிண்டர் என்ற அடியாருக்குக் கோபம் வந்துவிட்டது. அடியார்களை வணங்காமல் போகிற இவனும் நம் கூட்டத்துக்குப் புறம்பு, இவனை ஆட்கொண்ட சிவனும் புறம்பு என்று சொல்லிவிட்டார்.

சுந்தரர் மனசில் மரியாதை இல்லாமலா இருந்தது? நிறையவே இருந்தது, உங்கள் நோட்டில் இருப்பதைப் போல. ஆனால் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்? மேட்டூரில் 120 அடி நிறைந்து நின்றாலும், கடைமடைக்குத் தண்ணீர் வந்தால்தானே நம் நாற்று நிமிரும்?

அப்புறம் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். இறைவனே 'தில்லைவாழ் அந்தணர்தம் அடியார்க்கும் அடியேன்' என்று அடியெடுத்துக் கொடுக்க, சுந்தரர் திருத்தொண்டத்தொகையைப் பாடினார். 11 பாட்டு. அதில் 60 அடியார்களைத் தனித்தனியே பெயர் சொல்லிப் பாராட்டுகிறார். குயவர் வருகிறார், வேடர் வருகிறார், அரசர் வருகிறார், நாகப்பட்டினத்து மீனவர் அதிபத்தரும் வருகிறார். சிலருக்கு அவர் செய்ததையே அடைமொழியாக வைக்கிறார். இயற்பகையாரைச் சொல்லும்போது வெறுமனே நல்லவர் என்று சொல்லிவிட்டுப் போகாமல், 'இல்லையே என்னாத இயற்பகை' என்கிறார். கேட்டவருக்கு இல்லை என்று சொல்லாதவர். இன்னொன்றையும் கவனியுங்கள். தன்னைப் புறம்பு என்று தள்ளிய விறன்மிண்டரின் பெயரை முதல் பாட்டிலேயே சேர்த்துவிட்டார்.

ஆகவே பக்தியில் சேருமா என்று சந்தேகமே வேண்டாம். மாயவரம் பக்கம் திருவாவடுதுறையில் இருந்த திருமூலரும் இதையேதான் சொன்னார். இறைவனுக்கு ஒரு பச்சிலை, பசுவுக்கு ஒரு வாய்ப் புல், சாப்பிடும் முன் பிறருக்கு ஒரு கைப்பிடி, பிறருக்கு ஓர் இனிய சொல் என நாலும் எல்லோராலும் முடியும் என்றார். பூஜை இலையும் நல்ல வார்த்தையும் அவருக்கு ஒரே வரிசையில்தான் இருந்தன.

நம் பக்கத்தில் நன்றி சொல்லப் பழகாதவர்கள் யார்? ஆடிப்பெருக்கு அன்று காப்பரிசியும் காதோலை கருகமணியும் எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போகிறோம். மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்கு வர்ணம் அடித்து மாலை போடுகிறோம். ஆயுத பூஜைக்கு அரிவாளுக்கும் மண்வெட்டிக்கும் கூடச் சந்தனம் வைக்கிறோம். கூடவே இருக்கிற மனுஷருக்குத்தான் வருஷத்தில் ஒரு நாளும் இல்லை. 'நமக்குள்ள என்ன நன்றி, தேங்க்ஸெல்லாம்' என்று விட்டுவிடுகிறோம். வீட்டுக்குள் அந்தச் சொற்கள் ஒட்டாது என்பது உண்மைதான். அவற்றைச் சொல்லவும் வேண்டாம். "உப்பில்லாம எடுத்து வச்சியே, அதனாலதான் இன்னிக்குத் தலை கனக்காம இருக்கும்மா" என்று சொன்னால் போதும். அவள் என்ன செய்தாள், அதனால் உங்களுக்கு என்ன கிடைத்தது, இரண்டும் அதில் வந்துவிடும். 'நீ ரொம்ப நல்ல பொண்ணு' என்பதைவிட இது ஆழமாகப் போய் உட்காரும். அவள் யாருக்கும் தெரியாமல் செய்துவந்த ஒன்றை நீங்கள் கவனித்திருக்கிறீர்கள் என்பதே அவளுக்குப் பெரிசு.

சொல்லிவிட்டு அங்கேயே நிறுத்திவிடுங்கள். 'குழம்பு நல்லாயிருக்கு, புளிதான் கொஞ்சம் தூக்கல்' என்று வால் ஒட்டினால் அவள் காதில் புளி மட்டும்தான் நிற்கும். குறை இருந்தால் வேறொரு நேரம் சொல்லிக்கொள்ளலாம். ஓரகத்தி மருமகளோடு ஒப்பிட்டு மெச்சுவதும் வேண்டாம். இல்லாததை இருப்பதாகவும் சொல்ல வேண்டாம். குழம்பு வாய்க்கு விளங்கவில்லை என்றால் அதைப் புகழாதீர்கள். அன்றைக்கு அவள் வேறு ஏதாவது செய்திருப்பாள், அது உங்கள் கண்ணில் படவேண்டும். இதில் தவம் என்று நான் நினைப்பது அந்தப் பார்வையைத்தான். கூடவே இருப்பவர்கள் செய்வதெல்லாம் பழகிப்போய் நமக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

தலைக்கனம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வருஷக்கணக்காக ஒரு நல்ல வார்த்தைக்குக் காத்திருந்தவளுக்கு அது கிடைத்தால் மனசு நிறையும், தலை கனக்காது. கண் படும் என்ற பயமும் பெரும்பாலும் குழந்தையின் கொழுகொழுப்பு, பயிரின் செழிப்பு, போட்டிருக்கிற நகை என்று அழகையும் வளத்தையும் ஒட்டி வருவது. உழைப்பை மெச்சினால் அந்தப் பயத்துக்கு இடமில்லை. அப்படியும் மனசு சமாதானம் ஆகாவிட்டால் மெச்சிவிட்டு உப்பு மிளகாய் சுற்றிப் போடுங்கள். சொல்லாமல் மட்டும் விடாதீர்கள்.

ஒரு நியமமாக இதை வைத்துக்கொள்ளுங்கள். மாலை விளக்கேற்றும் முன், அன்றைக்கு ஒருவரிடமாவது அவர் செய்த ஒரு காரியத்தைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை என்றால் முதலில் அதைச் சொல்லிவிட்டு வந்து திரியைத் தூண்டுங்கள். ராத்திரி மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து மோட்டார் போட வயலுக்குப் போய்வரும் வீட்டுக்காரர், மழையிலும் பால் கொண்டுவருகிறவர், கோயிலில் பூத் தொடுக்கும் பாட்டி என்று தேடிப் போகாமலே ஆட்கள் கிடைப்பார்கள். இத்தனை வருஷம் கழித்துச் சொல்வதால் வீட்டுக்காரர் உங்களை ஒரு மாதிரி பார்க்கலாம். பார்க்கட்டும்.

நடவுக்கும் களையெடுப்புக்கும் வருகிறவர்களிடமும் சொல்லுங்கள். "உங்க கை பட்ட நாத்து சீக்கிரம் பச்சை பிடிக்குது" என்றால் இடுப்பொடியச் சேற்றில் நிற்கிறவர்களுக்கு அது பெரிய மரியாதை. ஆனால் கூலியை அன்றன்றைக்குக் கையில் கொடுத்துவிட்டு, டீ நேரத்துக்கு டீயும் கொடுத்துவிட்டு அப்புறம் மெச்சுங்கள். கூலியை இழுத்தடித்துவிட்டு வாய் நிறையப் புகழ்வது பாவம். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

நோட்டை நிறுத்த வேண்டாம். எழுதுவதால்தான் உங்களுக்கு இத்தனையும் கண்ணில் பட்டிருக்கிறது. சொல்லிவிட்டு எழுதுங்கள், அவ்வளவுதான். பழைய பக்கங்களை எல்லாம் மருமகளை உட்கார வைத்துப் படித்துக் காட்டலாமே என்று தோன்றும். அதைச் செய்யாதீர்கள், அவளுக்குக் கூச்சமாகிவிடும். அதற்குப் பதிலாக, இந்த வாரமே சம்பந்தியம்மாவுக்குப் போன் போடுங்கள். சீர், விசேஷம், வரவு செலவு எதையும் அந்தப் பேச்சில் கலக்க வேண்டாம். உப்பில்லாத குழம்பு விஷயத்தை மட்டும் சொல்லி, "உங்க பொண்ணை இப்படி வளர்த்திருக்கீங்களே" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள். மருமகள் காதுக்கு அது அவள் அம்மா வழியாக அன்றைக்கே வந்துவிடும்.