பணம் பேசாமல் மாதிரி செய்து காட்டலாமா?

கேள்வி: தனியாக கிராஃபிக் டிசைன் தொழில் தொடங்கி ஓராண்டு ஆகிறது. ஒரு நிறுவனம், லோகோவுக்கு மூன்று மாதிரிகள் செய்து காட்டினால், பிடித்தால் வேலையைத் தருவதாகச் சொல்கிறது. வேறு நான்கு பேரிடமும் இதையே கேட்டிருக்கிறார்கள். செய்யலாமா?

பதில்: செய்ய வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. கூலி கிடைக்காமல் போகலாம் என்பதைவிடப் பெரிய காரணம் ஒன்று இதற்கு உண்டு. லோகோ என்பது, அந்த நிறுவனம் யாருக்கு எதை விற்கிறது, எந்தப் போட்டியாளரிடமிருந்து வேறுபட்டுத் தெரிய வேண்டும், அது எங்கெல்லாம் எந்த அளவில் அச்சாகும் என்பவற்றையெல்லாம் கேட்டறிந்த பிறகு பிறக்க வேண்டியது. ஐந்து பேரிடம் இலவச மாதிரி கேட்பவர் அந்த உரையாடலுக்கு நேரம் ஒதுக்குவது அரிது. ஆகவே நீங்கள் ஊகத்தில் வரைவீர்கள், அவர் கண்ணுக்குப் பட்ட அழகை வைத்துத் தேர்ந்தெடுப்பார். இதில் நஷ்டம் அவருக்கும்தான். இதை அவரிடம் தயங்காமல் எடுத்துச் சொல்லுங்கள். 1914இல் தொடங்கப்பட்ட அமெரிக்க வடிவமைப்பாளர் அமைப்பான ஏஐஜிஏ இத்தகைய வேலையைப் பற்றி நெடுங்காலமாக எச்சரித்து வருவதற்கும் இதுவே ஒரு காரணம்.

உரிமைச் சிக்கலும் உண்டு. பதிப்புரிமை பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையை ஏற்ற நாடுகளில் படைப்பு உருவானதுமே, பதிவு செய்யாவிட்டாலும், பதிப்புரிமை பிறந்துவிடுகிறது. ஆனால் அது காப்பது நீங்கள் வரைந்த வடிவத்தை மட்டுமே. அதன் அடியில் இருக்கும் யோசனையை அல்ல. அந்த நிறுவனம் உங்கள் யோசனையை இன்னொருவரிடம் கொடுத்து, குறைந்த விலையில் வேறு மாதிரி வரைந்து வாங்கிக்கொண்டால், வழக்காடி வெல்வது கடினம்.

மறுத்தால் வாய்ப்பு போய்விடுமே என்று நீங்கள் அஞ்சினால், அது நியாயமானது. முதல் ஆண்டில் அது எவ்வளவு கனக்கும் என்பதை நான் அறிவேன். அதனால் வெறுமனே மறுக்காமல் ஒரு மாற்றுவழியை முன்வையுங்கள்: முன்பு செய்த வேலைகளை, அவற்றில் எந்தச் சிக்கலை எப்படித் தீர்த்தீர்கள் என்ற விளக்கத்தோடு காட்டுங்கள், தேவைகளைக் கேட்டறிந்து வடிவமைப்பின் திசையை வகுக்கும் முதல் கட்டத்தை மட்டும் சிறு கட்டணத்துக்குத் தனியாகச் செய்து தரலாம் என்று சொல்லுங்கள். காட்டுவதற்கு வேலைகள் குறைவாக இருந்தால், நீங்களே தேர்ந்த ஒரு கற்பனை நிறுவனத்துக்கு வடிவமையுங்கள். அதுவும் ஊதியமில்லா உழைப்புதான், ஆனால் அதன் உரிமை முழுவதும் உங்களிடமே இருக்கும்.

1986இல் ஸ்டீவ் ஜாப்ஸ் தம் நெக்ஸ்ட் கணினி நிறுவனத்துக்கான லோகோவுக்குச் சில தெரிவுகளைக் கேட்டபோது, புகழ்பெற்ற அமெரிக்க வடிவமைப்பாளர் பால் ராண்ட் அதை மறுத்து, ஒரே தீர்வைத் தருவதாகவும், பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் கட்டணம் தர வேண்டும் என்றும் சொன்னதாக ஜாப்ஸே பின்னர் நினைவுகூர்ந்தார். கட்டணம் 1,00,000 டாலர். ராண்டின் புகழ் உங்களுக்கு இன்னும் இல்லை என்பது உண்மையே; ஆயினும் பயன்படுத்தாவிட்டாலும் கட்டணம் உண்டு என்ற வரியை உங்கள் ஒப்பந்தத்தில் இன்றே சேர்க்கலாம். அதோடு, வேலை தொடங்கும் முன் ஒரு பங்கு முன்பணம் வேண்டும் என்பதையும், முழுத்தொகை வந்த பிறகே உரிமை கைமாறும் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.